மூன்றாம் ஓலையில் ஒரு பலகை

பெங்களூரிலிருந்து என் மகள் கல்யாணத்துக்காக வீட்டுக்கு வந்தபோது இரண்டு பெட்டிகளும் ஒரு பலகையும் கொண்டுவந்தாள். பெட்டிகளை நான் தூக்கினேன். பலகைக்குக் கை நீட்டியபோது, "அதை விடுங்கப்பா, அது தானா வரும்" என்றாள். வந்தது. வாசல் கேட்டிலிருந்து ஆளில்லாமல், சத்தமில்லாமல், நாய்க்குட்டி மாதிரி என்னை நோக்கி வந்து என் கால் பெருவிரலுக்கு முன்னால் நின்றது. நாய்க்குட்டியாவது வாலை ஆட்டும். அவள் கட்டைவிரலுக்கடியில் ஒரு சின்ன ரிமோட் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது போர்ட்டிகோவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தேன். எப்படி ஏறினேன் என்பது இன்றுவரை தெரியாது.

எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டு என்று அதற்குப் பெயர். அடியில் நாலு சக்கரம், வயிற்றில் பேட்டரி. மேலே ஏறி நின்றுகொண்டு ரிமோட்டில் கட்டைவிரலை முன்னால் தள்ளினால் போகும். பின்னால் இழுத்தால் நிற்கும். பெங்களூரில் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து ஆபீசுக்கு அதில்தான் போவாளாம். பாளையங்கோட்டைக்கு வந்ததும் தையற்கடைக்கும், பாட்டுப் பயிற்சிக்குக் கோயிலுக்கும் அதில் போக ஆரம்பித்தாள். கோயில் என்றால் சர்ச்; நாங்கள் அப்படித்தான் சொல்வோம். துப்பட்டாவை இடுப்பில் கட்டி, தலையில் ஹெல்மெட் போட்டு, நட்டக்குத்தற நிமிர்ந்து நின்றபடி அவள் தெருவைத் தாண்டியபோது, பைக் இல்லாமலே பைக்கில் போகிறவளைப் பார்ப்பது போல எல்லோரும் பார்த்தார்கள்.

எங்கள் தெருவுக்கு நடைபாதை கிடையாது. சாக்கடை மேல் போட்ட சிமெண்டு ஸ்லாப்புகள்தான் நடைபாதை. அவற்றின் மேல் பைக்குகள் நிற்கும். ஆகவே நடக்கிறவர்கள், ஆட்டோ, தண்ணீர் கேன் வண்டி, இப்போது என் மகள், எல்லோருக்கும் ஒரே தார்தான்.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். ஆனால் சபையில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் கேலிக்காரன். அசனப் பண்டிகையில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும்போது மைக்கைப் பிடித்து, "முதல் பந்தியில் சாப்பிட்டவர்களே மூன்றாம் பந்தியிலும் தென்படுகிறார்கள், கண்ணாடியைக் கழற்றினால் அடையாளம் தெரியாது என்று நினைக்க வேண்டாம்" என்றெல்லாம் அறிவிக்கிற ஆள். எதையும் சிரிப்பாக்கிவிடுவேன். சிரிப்பாக்க வேண்டாத இடம் எது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

முதல் ஓலை வாசித்த வாரத்தில்தான் அது நடந்தது. ஓலை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஐயர் ஓலை வாசிப்பார். ஐயர் என்றால் பாதிரியார். ஓலை என்றாலும் காகிதம்தான். பெயர் மட்டும் நின்றுவிட்டது. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், இதற்குத் தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று வாசித்துவிட்டு, ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா நிற்பார். எனக்கு விவரம் தெரிந்து யாரும் எழுந்ததில்லை. ஆனால் அந்த ஒரு மூச்சில் யாராவது இருமினால்கூடப் பெண்ணைப் பெற்றவர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

எதிர்வீட்டு அண்ணாச்சி போக்குவரத்து அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவியை நான் மதினி என்பேன். இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்து, அப்போதுதான் கம்பு ஊன்றித் தெருமுனை வரை நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் அப்படி நடக்கும்போது என் மகள் பின்னாலிருந்து வந்து, நன்றாக விலகித்தான், தாண்டிப் போனாள். இடிக்கவில்லை. ஆனால் சத்தமே இல்லாமல் ஒரு ஆள் தோள் பக்கம் முளைத்துக் கடந்தால் எப்படி இருக்கும்? கம்பு ஒரு பக்கம் விழ, மதினி காம்பவுண்டுச் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். மகள் இறங்கி ஓடிவந்து, கம்பை எடுத்துக்கொடுத்து, வீட்டில் கொண்டுவிட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தாள்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் கேட் தட்டப்பட்டது. அண்ணாச்சி சாதாரணமாக என்னிடம் 'வே' போட்டுப் பேசுவார். அன்றைக்கு 'லே' என்று இறங்கிவிட்டார்.

"ஏலே, வெளிய வா. ஒம் மக ஓட்டுதாள்லா, அது என்னது?"

"பலகை அண்ணாச்சி."

"பலகைன்னா சுவத்துல சாஞ்சு நிக்கணும். இது எம் பொண்டாட்டி பின்னால வருது."

இங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். "மதினி பின்னால இத்தனை வருசமா நீங்களுந்தான் போறீய, அவிய பயந்தாவளா?" என்றேன்.

அண்ணாச்சி முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது. "சிரிக்கியாலே? நம்பர் கிடையாது, லைசென்ஸ் கிடையாது, ஆரன் கிடையாது. இதுக்கு நீ ஒரு வழி பண்ணல, மூணாவது ஓலையில நான் எந்திச்சு நிப்பேன், பாத்துக்கோ!"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கேட்டைப் பிடித்தபடி நின்றேன். மூன்றாம் ஓலைக்கு ஏரலிலிருந்து மாப்பிள்ளையின் தாயார் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு அடுத்த வியாழக்கிழமை கல்யாணம். மகளும் அந்தப் பையனும் பெங்களூரில் ஒரே பாடல் குழுவில் பாடி, பழகி, இரண்டு வீட்டையும் பைய ஒத்துக்கொள்ள வைத்திருந்தார்கள். தகப்பன் இல்லாத பையன்; தாயார் ஏரலில் ஜவுளிக்கடை நடத்துகிறவர்; நறுக்கென்று பேசுகிறவர். அவர் முன்னால் அண்ணாச்சி எழுந்து நின்றால்?

உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். அவள் உளுந்து களைந்துகொண்டே, "அவரு கோவத்துல சொல்லுதாரு. பலகைக்கும் ஓலைக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். சம்பந்தமே இல்லைதான். ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டால் சம்பந்தம் அதுவாக வந்து சேர்ந்துகொள்ளும். மகளைக் கூப்பிட்டுப் பலகையை விட்டுவிடச் சொன்னேன்.

"ஓட்டக்கூடாதுன்னு சட்டத்துல இருக்காப்பா? காட்டுங்க, இப்பமே நிறுத்துதேன்."

"ஓட்டலாம்னு இருக்கா?"

"அதையும் நீங்களே காட்டுங்க."

சட்டத்தைத் தேடி நான் கிளம்பியது இப்படித்தான். போகும்போது கொஞ்சம் குழப்பம் இருந்தது. வரும்போது அது நிறைய இருந்தது.

முதலில் ஆற்றுப்பாலம் போகிற சாலைச் சந்திப்பில் நின்ற போக்குவரத்துக் காவலரிடம் கேட்டேன். சீவலப்பேரி டவுன் பஸ்ஸை ஒரு கையால் நிறுத்திக்கொண்டே அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நடந்து போறவங்கன்னா ஓரமாப் போகணும். வண்டின்னா ரோட்டுல போகணும். இதுல உங்க மக என்ன செய்யுதாங்க?"

"நிக்கா."

"நிக்கவங்க எப்படி அண்ணாச்சி போவாங்க?"

"நின்னுக்கிட்டே போறா."

பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "பலகை எங்கன இருக்கு அண்ணாச்சி, கையிலயா தரையிலயா?" என்று கேட்டார். காவலருக்கு அது பிடித்துப்போயிற்று. "கரெக்ட்டு. கையில இருந்தா அது சாமான். தரையில வச்சா வண்டி. அப்படி வச்சுக்கிடுங்க" என்று சொல்லி பஸ்ஸுக்குக் கையைக் காட்டிவிட்டார்.

நான் அதை மனப்பாடம் செய்துகொண்டு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். எனக்காக நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"சீட் உண்டா?"

"இல்ல சார்."

"ஹேண்டில்பார்?"

"இல்ல."

"பெறகு எதைப் பிடிச்சு ஓட்டுதாங்க?"

"கையில ரிமோட்டு இருக்கு."

அவர் பேனாவை மூடிவைத்தார். வேகம் குறைந்த மின்சார சைக்கிளுக்குப் பதிவு வேண்டாம் என்று இருக்கிறதாம். ஆனால் சைக்கிள் என்றால் உட்கார வேண்டும். இதில் உட்கார முடியாது. உட்கார முடியாததைப் பதிவு செய்யவும் முடியாது. பதிவு செய்யாததை ஓட்டலாமா என்று கேட்டேன். "விளையாட்டுச் சாமான்னு வச்சுக்கிடலாம்" என்றார். "அப்போ ஹெல்மெட்?" என்றேன். "போட்டாத்தான் நல்லது." "போட்டா வண்டின்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா?" அவர் நாற்காலியை விட்டு எழுந்து, "டீ சாப்பிடுதீங்களா?" என்று கேட்டார்.

அடுத்து மாநகராட்சி. அங்கே, நடைபாதையில் மோட்டார் உள்ள எதுவும் போகக்கூடாது என்று திட்டவட்டமாகச் சொன்னார்கள். நான் சந்தோஷப்பட்டுவிட்டேன். இத்தனை நாளில் முதன்முதலாக ஒரு சட்டம் கையில் கிடைத்தது. தெருவுக்கு வந்து பார்த்தால் நடைபாதையே இல்லை. பாளையங்கால்வாய்க் கரையில் இருக்கிற நடைப்பயிற்சிப் பாதை நடைபாதையா, கரையா, ரோடா என்று கேட்க மறந்துவிட்டேன். நல்லவேளை.

கடைசியில், வேறு வழியில்லாமல், அண்ணாச்சி வீட்டுக்கே போனேன். அவர் ஏற்கெனவே மேஜை மேல் தடித்த மோட்டார் வாகனச் சட்டப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். கோபம் குறைந்து 'வே'க்குத் திரும்பியிருந்தார்.

"ஆயுசு பூரா வண்டிக்கு நம்பர் குடுத்தவன் நான். இதுக்கு நம்பர் எங்கன வே ஒட்ட? அடியில ஒட்டுனா கவுத்திப் போட்டுல்லா வாசிக்கணும்?"

"மேல ஒட்டுனா அவ மிதிச்சுக்கிட்டு நிப்பா அண்ணாச்சி."

"அதான் சொல்லுதேன்." புத்தகத்தை மூடினார். "நம்பர் கிடக்கட்டும். சத்தம் வேணும் வே. எம் பொண்டாட்டிக்கு அது வாரது கேக்கணும். அவ நடக்கதையே விட்டுட்டா, தெரியும்லா?"

எனக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க நான் அரசாங்கத்தைத் தேடி அலைந்துகொண்டிருந்தேன், எதிர்வீட்டைப் பார்க்கவில்லை.

சத்தம்தானே? அன்றைக்கே மார்க்கெட்டுக்குப் போய் ஆட்டுக் கழுத்தில் கட்டுகிற மணிகளைக் கொத்தாக வாங்கிவந்து சக்கரத்துப் பக்கம் கட்டிவிட்டேன். மகள் முனகிக்கொண்டே ஏறினாள். மணிச் சத்தம் தெருவில் நுழைந்ததும் நாலைந்து வீட்டிலிருந்து பெண்கள் கம்போடும் துடைப்பத்தோடும் பாய்ந்து வந்தார்கள். வாசலில் செம்பருத்தியும் குரோட்டன்ஸும் வைத்திருக்கிற வீடுகள். ஆட்டுக்கும் அவர்களுக்கும் பழைய பகை. "ச்சே... ஏ, போ!" என்று ஓங்கிய கம்பு பாதியில் நின்றது. மகள் மணிகளைக் கழற்றி என் கையில் கொடுத்து, "அப்பா, நீங்க கொஞ்ச நாள் எனக்கு ஒண்ணும் செய்யாதீங்க" என்றாள்.

அதற்குள் இரண்டாம் ஓலை போய்விட்டது. அன்று அண்ணாச்சி அசையவில்லை. ஏன் அசையவில்லை? மூன்றாவதுக்காகச் சேர்த்து வைக்கிறார். இப்படித்தான் என் மூளை வேலை செய்தது.

மூன்றாம் ஞாயிறு. ஏரலிலிருந்து சம்பந்தியம்மா, கடையின் மிகச் சிறந்த புடவை என்று பார்த்ததுமே தெரிகிற புடவையில் வந்து, என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணாச்சி எனக்கு முந்தின பெஞ்சில். நான் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணாச்சியின் பின்கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயர் ஓலையை எடுத்தார். பெயர்களை வாசித்தார். மூன்றாம் முறை என்றார். யாருக்காவது தடை தெரிந்தால் என்றார். நிறுத்தினார்.

அண்ணாச்சியின் வலது கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்தது. முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்ல உயர்ந்தது.

நான் எழுந்துவிட்டேன். "ஐயா! அது வண்டியே இல்ல!"

கோயிலில் மின்விசிறிகள் சுற்றுகிற சத்தம் அவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது. அண்ணாச்சி கீழே விழுந்த கைக்குட்டையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து, எல்லோரையும் போல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஐயர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பெண்ணோட தகப்பனார்தானே?"

"ஆமாங்கய்யா."

"ஆட்சேபணை சொல்லுதீங்களா?"

"இல்லங்கய்யா. ஆட்சேபணைக்கு ஆட்சேபணை."

"யாரோட ஆட்சேபணைக்கு?"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாடல் குழுவில் என் மகள் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். "ஆராதனை முடிஞ்சு உள்ள வாங்க" என்றார் ஐயர். ஓலையை மடித்து வைத்துவிட்டார். மடித்து வைத்ததைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. அண்ணாச்சி செய்துவிடுவாரோ என்று பயந்ததை நானே செய்து முடித்திருந்தேன். பெற்ற தகப்பனே மகள் ஓலையில் எழுந்து நின்ற கதை அன்று மத்தியானத்துக்குள் ஆற்றைத் தாண்டி டவுன் வரை போய்விட்டது.

பீடத்துக்குப் பக்கத்து அறையில் ஐயர், நான், மனைவி, மகள், அண்ணாச்சி, சம்பந்தியம்மா. நான் எல்லாவற்றையும் சொன்னேன்: பலகை, காவலர், சீட், ஹேண்டில்பார், ஆட்டு மணி. சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது.

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "கோவத்துல ஒரு வார்த்த சொன்னா, அதுக்கு எவனாவது ஓலையில எந்திப்பானா வே? எனக்கென்ன கிறுக்கா?"

"எனக்குத்தான் அண்ணாச்சி" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மா என் மகள் பக்கம் திரும்பினார். நான் மூச்சை நிறுத்தினேன்.

"அதுல பிரேக் எங்கன இருக்கு?"

இத்தனை அலுவலகம் ஏறி இறங்கினேனே, இந்த ஒரு கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. யாரும் என்னிடமும் கேட்கவில்லை. அவர் தினமும் கடைக்கு மொபெட்டில் போய்வருகிறவர். அவருக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது.

"ரிமோட்லதான் அத்தே. கட்டைவெரலப் பின்னால இழுக்கணும்."

"இழுத்தா அந்தாக்கில நின்னுருமா?"

மகள் கொஞ்சம் தயங்கினாள். "இல்ல அத்தே. கொஞ்ச தூரம் போயித்தான் நிக்கும். ஒரேயடியா நிறுத்துனா நான் விழுந்துருவேன்."

"எம்புட்டுத் தூரம்?"

மகள் ஜன்னலைக் காட்டி, அங்கிருந்து இங்கே வரை என்றாள். அண்ணாச்சி அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்தார். "எம் பொண்டாட்டி இப்பம் வீட்டுக்குள்ள நடக்கதே அம்புட்டுத்தான்" என்றார் மெதுவாக.

மகளே அவரிடம் சொன்னாள்: "பெரியப்பா, நம்ம தெரு முக்குல நான் எறங்கிருதேன். கையில தூக்கிக்கிட்டு நடந்து வாரேன். வேற எடத்துல மணி கட்டிக்கிடுதேன்." என்னைப் பார்த்தாள். "அந்த ஆட்டு மணியையே."

"ஏரலுக்கு வந்தா?" என்றார் சம்பந்தியம்மா.

"அங்க ரோட்டப் பாத்துட்டுச் சொல்லுதேன் அத்தே."

"பாத்தா நீயே தூக்கிட்டுத்தான் நடப்பே" என்றார் அவர். அப்போதுதான் எனக்கு மூச்சு திரும்பி வந்தது.

ஆனால் ஐயர் இன்னும் முடிக்கவில்லை. தடை கேட்டபோது ஒரு ஆள் எழுந்துவிட்டதால் மூன்றாம் ஓலை முழுமையாகவில்லை. மறுபடி வாசித்தால்தான் தனக்கு மனது ஒப்பும் என்றார். அடுத்த ஞாயிறு வரை பொறுக்க முடியாது, வியாழன் கல்யாணம். "சாயங்கால ஆராதனையில வாசிக்கேன். ஆனா..." என்று என்னைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். மனைவி வாயைத் திறந்தே சொன்னாள்: "இவிய வெளிய நிக்கட்டும்."

நின்றேன். என் சொந்த மகளின் மூன்றாம் ஓலைக்கு, கோயிலுக்கு வெளியே, பக்கவாட்டு வாசலில் சக்கர நாற்காலிக்காகப் போட்ட சரிவுக்கு மேலே. எனக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மதினி. உள்ளே கூட்டத்தில் நெருக்கியடித்து உட்கார இடுப்பு விடாது. பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அண்ணாச்சி ஆட்டோவில் கூட்டிவந்திருந்தார். மகள் உள்ளே போகும்போது பலகையை என் கையில் கொடுத்து, "கீழ மட்டும் வச்சிராதீங்கப்பா" என்றாள். சாமானாக இருக்கும்வரை பத்திரம். நான் அதைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டேன். மணிக்கொத்து என் தாடையில் இடித்தது.

"இதுவா அது?" என்றார் மதினி. தொட்டுப் பார்த்தார். "சின்னதாத்தான் இருக்கு. அன்னைக்கி எனக்கு லாரி மாதிரி இருந்துச்சு தம்பி."

ஒலிபெருக்கியில் ஐயர் குரல் வந்தது. பெயர்கள். மூன்றாம் முறை. யாருக்காவது தடை தெரிந்தால் என்று அவர் சொன்னதும், நான் ஜெபிக்கலாமே என்று கையைக் கூப்பினேன். கையைக் கூப்பவேண்டுமானால் கையில் இருப்பதைக் கீழே வைக்கவேண்டும். வைத்தேன்.

அது தானாகப் போயிற்று. சரிவில் இறங்கி, மணல் முற்றத்துச் சிமெண்டுப் பாதையில் திரும்பி, இருக்கிற மணியெல்லாம் கலகலவென்று குலுங்க, கேட்டுத் தூணில் போய் ணங்கென்று மோதி நின்றது. உள்ளே, உலகத்திலேயே அமைதியான அந்த ஒரு மூச்சு நேரத்தில்.

ஒலிபெருக்கி ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆள் இல்லாத பலகை தடை சொன்னால் அதைப் பதிவு செய்ய வேண்டுமா, வேண்டாமா, யாரிடம் போய்க் கேட்பது என்றெல்லாம் ஓடியது. பிறகு ஐயர் தொண்டையைச் செருமினார். "அடுத்த அறிவிப்பு" என்றார்.

முடிந்தது. என் மகளுக்குக் கல்யாணம்.

கண்ணைத் திறந்தபோது மதினி எழுந்து, கம்பை ஊன்றி, சரிவில் பைய இறங்கிக்கொண்டிருந்தார். நான் பதறி ஓடினேன். "என்ன மதினி, எங்க போறீய?"

"அந்தா கெடக்குல்லா, எடுத்துட்டு வாரேன்" என்றார். "வாரது நல்லாக் கேக்கு தம்பி. ஆடுதான் வருதோன்னு நெனச்சேன்."